குப்பைக்கும் இரண்டு கூடை

சென்ற வாரம் திற்பரப்புக்குப் போயிருந்தேன். கோதையாறு அங்கே பாறையின் மேல் பரந்து அருவியாக விழுகிறது. குளிர்ந்த ஸ்நானம் முடித்துக் கரையேறினால், காலில் வந்து ஒட்டிக் கொண்டது என்ன தெரியுமா? யாரோ போட்ட காலி ஷாம்பு உறை!

அது எங்கே போகும்? கோதையாறு பரளியாற்றோடு கூடி, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலைச் சேருகிறது. நாம் அருவியில் விட்டது மீனவர் வலையில் ஏறலாம்.

கரையில் பெருக்கிக் கொண்டிருந்த அம்மாளின் விரலில் கட்டுப் போட்டிருந்தது. விசாரித்தேன்.

"குப்பை அள்ளதுல ஒண்ணும் இல்ல, மக்ளே. வீடுகள்ல சோத்தையும் உடைஞ்ச கண்ணாடியையும் ஒரே கவர்ல கெட்டிப் போடுதாவ. பிரிக்கும்போது கையக் கிழிச்சிட்டு" என்றார்.

என் வீட்டுக் குப்பை நினைவுக்கு வந்தது. தலை நிமிரவில்லை.

நம் பேரூராட்சிகளில் குப்பை பிரிக்கும் இடத்துக்கு 'வளம் மீட்பு பூங்கா' என்று பெயர். சிரிக்காதீர்கள், அங்கே வளம் இருக்கத்தான் செய்கிறது. காய்கறித் தோலை ஈரம் காத்துக் கிளறிக் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் உரம். மெல்லிய பிளாஸ்டிக்கில் சாலையே போடலாம்! மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரி ரசாயனப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்ட வழி அது. பொடியாக்கிய பிளாஸ்டிக்கைச் சுமார் 170 டிகிரி சூட்டில் உள்ள ஜல்லியின் மேல் தூவினால், உருகிக் கல்லைப் போர்த்திக் கொள்ளும். பிறகு தார் கலப்பார்கள். மழைநீர் எளிதில் உள்ளே இறங்காது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. குமரி மாவட்டத்திலும் இத்தகைய சாலைகள் உண்டு.

ஆனால் சாம்பார் ஊறிய உறை அதற்கு உதவுமா? கண்ணாடிச் சில் கலந்த உரத்தை எந்தத் தோட்டக்காரர் வாங்குவார்? கலந்த பிறகு பிரிப்பது யந்திரத்துக்கும் கஷ்டம். கலக்காமல் வைப்பது நமக்கு அரை நிமிஷ வேலை.

ஆகவே சகோதரிகளே, அடுக்களையில் இரண்டு கூடை வையுங்கள். ஈரமானது ஒன்றில், உலர்ந்தது மற்றொன்றில். கண்ணாடி, பிளேடு, அணையாடை ஆகியவற்றைக் காகிதத்தில் நன்றாகச் சுற்றித் தனித்தனியே கொடுங்கள். எந்தக் கூடை எதற்கு என்று வீட்டு ஆண்களுக்கும் காட்டிக் கொடுங்கள். அவர்கள் கையும் குப்பை போடுகிற கைதானே!

அந்த அம்மாளின் காயம் இதற்குள் ஆறியிருக்கும். அடுத்த காயம் நம் வீட்டுக் குப்பையால் வரவேண்டாம்.