மலைப்பாதையும் ஜீப்பின் திருப்பமும்



கீழ்வானம் வெளுக்குமுன்பே கம்பத்திலும் கூடலூரிலும் தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நிற்கின்றன. கையில் தூக்குவாளியும் தலையில் துண்டுமாக நம் தாய்மார்கள் ஏறிக்கொள்கிறார்கள். கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலையேறி, வண்டன்மேட்டுச் சுற்றுப்புறத்து ஏலத்தோட்டங்களில் பகலெல்லாம் காயெடுத்துவிட்டு, மாலையில் அவ்வாறே இறங்கி வீடு திரும்புகிறார்கள். தோட்டத்து லயங்களில் தலைமுறையாக வாழும் நம் குடும்பங்களுக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் ஜீப்பே துணை. ஆதலின் அதன் ஸ்டியரிங் ஓட்டுநர் ஒருவருடைய கவலை மட்டும் அன்று. நம் ஒவ்வொரு வீட்டின் கவலையும் ஆகும்.

இத்திங்கள் இதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. அண்மையில் ஒரு மாலை, தோட்டத்துப் பாதையில் நானும் அத்தகைய ஜீப் ஒன்றில் வந்தேன். உள்ளே பதினைந்து பேர். பின்கதவருகே இரண்டு மூட்டைகள். பின்படியில் தொற்றிக்கொண்டு இரண்டு இளைஞர்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் ஓட்டுநர் ஸ்டியரிங்கை நன்றாகவே திருப்பினார். சக்கரங்களும் திரும்பின. வண்டியோ திரும்பவில்லை! நேரே சறுக்கிச் சென்று, பாதையோரத்து மண்மேட்டில் முட்டி நின்றது. மேட்டுக்கு அப்பால் பள்ளம். “திருப்பினேன் ஐயா, வண்டிதான் கேட்கவில்லை” என்றார் அவர், நடுங்கும் குரலில். சிலர் அவரை ஏசினர்; சிலர் விதியை நொந்தனர். இரண்டும் பொருந்தா. அவர் சொன்னது உண்மை.

ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பிவிடும் என்று நாம் எண்ணுகிறோம். ஸ்டியரிங் திருப்புவது முன்சக்கரத்தின் முகத்தைத்தான். வண்டியைத் திருப்புவது, அச்சக்கரம் தரையைப் பற்றும் பிடியே. அப்பிடி இரண்டைப் பொறுத்தது: ஒன்று தரையின் தன்மை, மற்றொன்று முன்சக்கரத்தின்மேல் அழுந்தும் கனம்.

தரையை முதலில் காண்போம். ஏலச்செடிக்கு நிழலும் ஈரமும் வேண்டும். அந்த நிழல்மரங்கள் உதிர்க்கும் இலைகள் பாதையில் நனைந்து கிடக்கின்றன; அவற்றின்கீழ் செம்மண் குழைந்து கிடக்கிறது. செடியை வாழவைக்கும் ஈரமே சக்கரத்தின் பிடியைக் குறைக்கிறது.

இனிக் கனத்தைக் காண்போம். கடப்பாரையின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை கல்லைத் தூக்குகிறதல்லவா? பின்சக்கரத்துக்கும் பின்னால் ஏற்றப்படும் பாரம் அவ்வாறே வண்டியின் முன்புறத்தைத் தூக்குகிறது. ஏற்றத்தில் ஏறும்போதும் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதும் கனம் மேலும் பின்னோக்கிச் செல்கிறது. அப்போது ஸ்டியரிங் பூப்போல் இலகுவாக இருக்கும். புதிதாக ஓட்டுபவர் அதை நன்மை என்று மகிழ்வார். அனுபவசாலி அதை எச்சரிக்கை என்று அறிவார்.

இந்த உண்மை நம் மலைக்கு மட்டும் உரியதன்று. கனடா நாட்டில் குடியேறிய நம் உறவினர் சிலர் பனிக்காலத்தில் ஸ்னோமொபைல் என்னும் பனிவண்டி ஓட்டுவதைக் கண்டிருப்பர். கியூபெக்கைச் சேர்ந்த ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே 1959இல் ஸ்கி-டூ என்னும் சிறுவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னர் இவ்வகை வண்டி பெரிதும் பரவியது. பின்புறம் சுழலும் ஒரு பட்டை வண்டியைத் தள்ளும். முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகள் திசை காட்டும். எந்திரத்தால் இழைத்துச் செப்பனிட்ட பனித்தடம் கெட்டியாக இருப்பதால், கட்டையின் அடியிலுள்ள உலோகக் கம்பி தேய்ந்திருந்தால் வண்டி வளைவில் நேரே ஓடிவிடும். ஆகவே அந்நாட்டார் கம்பியின் கூர்மையைப் பார்த்து மாற்றுகிறார்கள். முன்கட்டைகளின்மேல் கனம் கூடுமாறு அடிப்பாகத்து வாரைச் சற்று இறுக்குகிறார்கள். வளைவுக்கு முன்பே விசையைத் தளர்த்தி, உடலை முன்னோக்கியும் உட்புறமாகவும் சாய்க்கிறார்கள். அங்கே பனி, இங்கே சேறு. முன்புறத்தில் கனமும் பிடியும் இல்லையேல் திருப்பம் இல்லை என்னும் விதி ஒன்றே.

இவ்விதியை நம் ஜீப்புக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, பாரம். மூட்டைகளைப் பின்கதவருகே அடுக்காமல், முன்னிருக்கையை ஒட்டித் தரையில் வைத்துக் கட்டவேண்டும். கூரைமேல் ஏற்றும் சுமை வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். பின்படியில் தொங்கும் இருவர் உள்ளே இருக்கும் இருவரைவிட முன்சக்கரத்தை அதிகமாகத் தூக்குவர். அதற்காக ஓட்டுநரின் அருகே ஆட்களை நெருக்கி, அவர் கையையும் கியரையும் தடுப்பதும் தவறே.

இரண்டாவது, வேகம். வளைவில் வேண்டப்படும் பிடி, வேகத்தின் வர்க்கமாகப் பெருகும். மணிக்கு 20 கிலோமீட்டரில் வேண்டிய பிடி, 30இல் இரண்டேகால் மடங்கு. 40இல் நான்கு மடங்கு. டயருக்குள்ள பிடியோ ஒரே கைமுதல். அதைப் பிரேக்கிற்குச் செலவிட்டால் திருப்பத்திற்கு மிஞ்சாது. ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். வளைவின் நடுவில் அன்று. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது பழையோர் கண்ட நல்வழி. எரிபொருளை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது, உயிரைப் பணயம் வைத்துச் சில்லறை சேர்ப்பதாகும்.

மூன்றாவது, நான்கு சக்கர இழுப்பு. தோட்டத்துச் சேற்றில் அதைப் போடுவது நன்று. தார்ச்சாலையை அடைந்ததும் எடுத்துவிட வேண்டும். வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே தொலைவு ஓடுவதில்லை. பழைய ஜீப்புகளில் இரண்டையும் பிணைத்தே வைத்திருந்தால், கெட்டித் தரையில் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்; ஸ்டியரிங் இறுகும்; வண்டி திரும்ப மறுக்கும்.

நான்காவது, பழுதுபார்ப்பு. நான்கு டயர்களும் நல்லனவாக இருக்கட்டும். இருபுறமும் காற்று சமமாக இருக்கட்டும். எஞ்சினை நிறுத்தி ஸ்டியரிங்கை அசைத்துப் பாருங்கள். சக்கரம் அசையுமுன் அது இரண்டு விரற்கடைக்கு மேல் வெறுமனே ஆடினால் பட்டறைக்குச் செல்ல வேண்டும். ஒரு குழியில் விழுந்தெழுந்ததும் ஸ்டியரிங் கிடுகிடுவென நடுங்கினால், டை ராட் முனைகளையும் கிங் பின்னையும் பட்டை ஸ்பிரிங்கின் யு போல்ட்டுகளையும் சோதித்தாக வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் வண்டி நேரே சறுக்கினால் என் செய்வது? ஸ்டியரிங்கை இன்னும் ஒடிக்கத்தான் கை துடிக்கும். பிரேக்கை மிதிக்கக் கால் துடிக்கும். இரண்டும் கேடே. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கைச் சிறிதளவு தளர்த்தினால், கனம் முன்னே வந்து டயர் மீண்டும் தரையைப் பற்றும். அதன்பின் திருப்பலாம். ஆனால் பள்ளத்தின் விளிம்பில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. ஆதலின் முன்காப்பே காப்பு.

இறுதியாக ஒன்று. இவையனைத்தும் ஓட்டுநருக்குத் தெரியாதவை என்று கருதவேண்டா. அவரிடம் பின்னர்ப் பேசிக்கொண்டிருந்தபோது, “எட்டுப் பேரோடு போனால் டீசலுக்கே கட்டாது, இன்னொரு நடை வந்தால் தோட்டத்தில் நேரமாயிற்று என்று ஆட்களைத் திருப்பி அனுப்புவார்கள்” என்றார். ஆக, அந்த மூட்டைகளையும் மனிதர்களையும் பின்னால் ஏற்றியது அவர் கை மட்டும் அன்று. கூலி போய்விடுமே என்று நெருக்கி ஏறும் நம் அச்சமும், ஒரே நடையில் அனைவரும் வந்துசேர வேண்டும் என்னும் தோட்டத்தின் கண்டிப்பும் சேர்ந்தே ஏற்றின.

ஒரு தாய் தனியாக இறங்கி நின்றால் அன்றைய கூலி அவளுக்கு இல்லை. ஊர் கூடிப் பேசினால் நிலைமை வேறு. ஒவ்வொரு வண்டியின் பதிவுச் சான்றிதழிலும் எத்தனை பேர் அமரலாம் என்று எழுதியிருக்கிறது. அந்த எண்ணை மீறாத இரண்டு நடைகள், அதற்கேற்ற வாடகை, இரண்டாம் நடையில் வருவோருக்கு அரைமணி விலக்கு: இம்மூன்றையும் வண்டியுடையோரிடமும் தோட்ட நிர்வாகத்தாரிடமும் நம் சங்கம் கேட்கவேண்டும். அடுத்த கூட்டத்தில் இதனை முன்வைக்க எண்ணியுள்ளேன். ஜீப்பில் செல்லும் தாய்மார்கள் தவறாது வந்து பேசுங்கள். ஓட்டும் தம்பிமார்களும் வாருங்கள்; அந்த வண்டியில் முதலாவதாக அமர்ந்திருப்பவர் நீங்கள்தாமே.