கிண்டியை விட்டுக்கொடுக்காதே

'கிண்டியில சிவில் வரும் போல, தனியார்ல கம்ப்யூட்டர் வரும். எதை மொதல்ல போடறது சார்?' பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பிள்ளைகள் என்னிடம் கேட்கிற கேள்வி இது. வங்கிக் குமாஸ்தா, கொஞ்சம் கவிதை எழுதுகிறவன். இந்த இரண்டு தகுதியோடு எல்லோருக்குமாகச் சொல்கிறேன்: கிண்டியைப் போடு.

ஒரு அப்பா கோபப்பட்டார். 'பரம்பரையா சித்தாளு, கொத்து வேலை. பையனும் சிவிலா? ஏசி ரூம்ல ஒக்காரட்டும்பா.' அந்த வலி நியாயமானது. ஆனால் சிமெண்ட் சட்டி தூக்கியவர் மகன் வரைபடத்தில் கையெழுத்துப் போடுவது பழைய வேலைக்குத் திரும்புவதாகாது.

அந்தக் கல்லூரி யாரும் போட்ட பிச்சையல்ல. 1951இல் வகுப்புவாரி உரிமையை உச்ச நீதிமன்றத்தில் உடைத்த வழக்கு என்றால் செண்பகம் துரைராஜனைச் சொல்கிறோம். கூடவே சி.ஆர். சீனிவாசன் மனுவும் இருந்தது. அவர் கேட்டது கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இடம். அந்த அரசாணையில் 14 இடத்துக்குப் பார்ப்பனருக்கு 2, நமக்கு 2. இந்தச் சமக் கணக்குதான் பொறுக்கவில்லை! தமிழகம் கொதித்தது. அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. சட்ட அமைச்சர் அண்ணல் அம்பேத்கர். அப்படி மீட்ட இடத்தை ஒரு விளம்பரப் பலகையைப் பார்த்து விட்டுக்கொடுப்பதா?

1984க்குப் பிறகு முளைத்த சுயநிதிக் கல்லூரிகளில் நீ வாடிக்கையாளன். வருமான வரம்புக்குள் வருகிற நம் பிள்ளைக்கு அரசு உதவித்தொகை உண்டு, உண்மை. அது தாமதமானால்? 'ஸ்காலர்ஷிப் வரும்போது வரட்டும், நீ மொதல்ல கட்டு.' நகையை அடகு வைத்து டி.டி. எடுக்க வருகிற தாய்மார்களைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறேன். புரோக்கர் பேச்சை நம்பி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அந்த உதவித்தொகையும் போச்சு.

இன்னொன்று. 69 விழுக்காடு போக மிச்சம் 31 'அவங்களுக்கு' என்று எவன் சொன்னான்? பொது என்றால் பொது. ரேங்க் இருந்தால் அதில் எடு. 18இல் உன் இடம் இன்னொரு சேரிப் பிள்ளைக்குப் போகும்.

நம் வாசலைப் பாருங்கள். துறைமுகம், அனல்மின் நிலையம், மணலி சுத்திகரிப்பு ஆலை. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளியால் அள்ளினோம். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, தூக்கத்தில் எழுந்து ஓடினார்கள் ஜனங்கள். இந்தக் குழாய் எங்கே போகிறது, எவ்வளவு அழுத்தம், கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்க நம் தெருவில் ஒரு பொறியாளர் வேண்டாமா?

கிண்டி சொர்க்கம் என்று சொல்லவில்லை. பெரிய கல்லூரிக்குள்ளும் சாதி நம்மோடு நுழையும். பக்கத்து ஐஐடியில் 2015 மே மாதம் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தையே பறித்தார்கள். போராட்டம் வெடித்தது, ஜூனில் திரும்பக் கொடுத்தார்கள். உள்ளே ஆள் இருந்ததால்தான் அந்தச் சண்டையே நடந்தது.

தோழர்களே, கவுன்சலிங் இணையத்துக்குப் போய்விட்டது. பிரவுசிங் சென்டர்காரன் தட்டுகிற வரிசைதான் நம் பிள்ளையின் நாலு வருஷம். கூட்டம், பேனர் இருக்கட்டும். அந்த வாரம் தெருவுக்கு ஒரு மேஜை போடுங்கள். பிள்ளையோடு உட்கார்ந்து பட்டியலை எழுதுங்கள். கிண்டி, குரோம்பேட்டை எம்ஐடி, பிறகு மற்ற அரசுக் கல்லூரிகள். தனியாரெல்லாம் அதற்குக் கீழே.