உடன்பிறந்தார் நினைவாக ஒரு நீச்சல்

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்குத் திருவண்ணாமலை ஊரே மலை உச்சியைப் பார்த்து நிற்கும். 2,668 அடி உயரத்தில் தீபம் தெரிந்ததும், "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்ற குரல் வானைப் பிளக்கும். அதைப் பார்த்த பிறகே வீட்டு வாசல்களில் அகல் விளக்கு ஏற்றுவார்கள்.

அந்த விளக்கில் எண்ணெய் மட்டுமா எரிகிறது? பாசமும் சேர்ந்தே எரிகிறது. அண்ணனும் தம்பியும் நன்றாக இருக்க வேண்டும் என்று சகோதரிகள் வேண்டிக்கொள்ளும் நாள் அது. அன்று உடன்பிறந்தவளுக்குச் சீர் கொடுப்பது தமிழ்நாட்டில் பல வீடுகளில் உள்ள வழக்கம்.

ஆனால், உடன்பிறந்தவனைப் பறிகொடுத்த பெண் அன்று என்ன செய்வாள்? படத்துக்கு மாலை போடுவாள். ஒரு மூலையில் உட்கார்ந்து அழுவாள். அழுவது தவறல்ல. ஆனால் துக்கம் அதோடு நின்றுவிட வேண்டுமா?

தங்கைக்காக ஓர் ஆஸ்பத்திரி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோய்க்குப் பலியானார். தாம் டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற வேதனை அவரை விடவில்லை. பல ஆண்டுகள் பாடுபட்டார். பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1954-ல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கியது. ஒரு தங்கைக்காகச் சிந்திய கண்ணீர், ஊர் பேர் தெரியாத எத்தனையோ தங்கைகளின் கண்ணீரைத் துடைத்தது!

எல்லோராலும் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. ஆனால் எளியவர்களுக்கும் வழி உண்டு. நிதிக்காக நீந்துவது அதில் ஒன்று. "இறந்துபோன என் தம்பியின் நினைவாக இவ்வளவு தூரம் நீந்தப் போகிறேன். நீங்கள் தரும் பணம் இந்த நல்ல காரியத்துக்குப் போகும்" என்று ஒருவர் அறிவிக்கிறார். உற்றார் உறவினரும் நண்பர்களும் முடிந்ததைக் கொடுக்கிறார்கள். மேல்நாடுகளில் இது சகஜம். இங்கும் பரவ வேண்டும்.

"பணத்தைப் பேசாமல் கொடுத்துவிட்டால் போதாதா? தண்ணீரில் இறங்கிக் கஷ்டப்படுவானேன்?" என்று சிலர் கேட்கலாம். திருவண்ணாமலைக்காரர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். வண்டியில் போனாலும் மலையைச் சுற்றலாம். ஆனாலும் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானவர்கள் நடந்தே சுற்றுகிறார்கள். உடல் வருந்தும்போதுதான் மனம் கனிகிறது. அந்த உழைப்பைக் கண்டுதான் பார்ப்பவர் மனமும் இளகுகிறது.

2022-ம் ஆண்டு மார்ச்சில், ஆட்டிசம் உள்ள 13 வயதுச் சிறுமி ஜியா ராய், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 13 மணி 10 நிமிடத்தில் நீந்தி வந்தார். ஆட்டிசத்தைப் பற்றி மக்கள் அறிய வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். வெறும் பேச்சுக்கு அத்தனை பேர் காது கொடுத்திருப்பார்களா?

எந்தக் காரியத்துக்கு?

திரட்டிய பணத்தைக் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுக்கச் செலவிடலாம். 2021-ல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுங்கள் என்றும் அது சொல்கிறது. தம்பியைத் தண்ணீருக்குப் பறிகொடுத்தவர்களுக்கு இதைவிடச் சிறந்த திதி எது?

ஓர் எச்சரிக்கை. வீறாப்புக்காக யாரும் நீரில் இறங்கக் கூடாது. 1971-ல் பாக் நீரிணையை நீந்திப் போய்த் திரும்பிய இலங்கைத் தமிழர் குமார் ஆனந்தன், பெரிய வீரர். அவரே 1984-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிரிழந்தார். ஆகவே முதலில் பயிற்சி வேண்டும். டாக்டரின் யோசனை வேண்டும். பக்கத்தில் காப்பாற்றத் தெரிந்த ஆள் வேண்டும். கடல்தான் என்றில்லை, நீச்சல் குளத்தில் 10 சுற்று நீந்தினாலும் போதும். வசூலான பணத்துக்குக் கணக்கும் காட்ட வேண்டும்.

'தம்பி உள்ளான் படைக்கு அஞ்சான்' என்பது பழமொழி. தம்பி போன பிறகும் அவன் பெயர் துணை நிற்கும். அந்தப் பெயரைச் சொல்லி நாலு பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக் கொடுத்தால், நாலு வீட்டில் அக்காமார் கார்த்திகை விளக்கைச் சிரித்த முகத்தோடு ஏற்றுவார்கள்!