எடைப் பயிற்சி காலையிலா, இரவிலா? ஏற்காட்டுக் குளிரில் பசி ஏன் கூடுகிறது?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு வருகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது, "மேல வந்தாலே பசி பிடுங்குது". பனி விலகாத காலையில் ஏரியைச் சுற்றி வேகமாக ஒரு நடை போட்டால், அடுத்த நிறுத்தம் மிளகாய் பஜ்ஜிக் கடைதான். எரித்த கலோரி அங்கேயே திரும்பிவிடும்.

இதற்குக் காரணம் சேர்வராயன் மலையின் உயரமா? இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். இதைவிட இரண்டு மடங்கு உயரமான மலைகளுக்குப் போனால் பசி குறையவே செய்யும். சந்தேகப்பட வேண்டியது குளிரை. அதிக எடை உள்ளவர்களை 8 டிகிரியிலும் 20 டிகிரியிலும் வேகமாக நடக்கவைத்துப் பார்த்த ஒரு பிரிட்டன் ஆய்வில், குளிரில் நடந்தவர்கள் அதன்பின் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மார்கழிக் காலையில் ஏற்காட்டில் நடப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

எடை தூக்கினால் பசிக்குமா?

உடனே பசிக்காது. பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற ஹார்மோன், நன்றாக வியர்க்கும் பயிற்சிக்குப் பிறகு சிறிது நேரம் குறைகிறது. ஓட்டத்தில் மட்டுமல்ல, எடைப் பயிற்சியிலும் இது நடக்கிறது. ஆனால் சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். "ஜிம்முக்குப் போனா பசியே அடங்கிடும்" என்பது பாதி உண்மைதான்.

அப்படியென்றால் நேரம் எதை மாற்றுகிறது? முக்கியமாக ரத்தச் சர்க்கரையை. விடிகாலையில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறியிருப்பதால், கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. 2019இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் டைப்-2 நீரிழிவு உள்ள ஆண்களுக்குத் தீவிர இடைவெளிப் பயிற்சி கொடுத்தபோது, பிற்பகலில் செய்தது சர்க்கரையைக் குறைத்தது. காலையில் செய்தது கூட்டியது. இது எடைப் பயிற்சி அல்ல, கலந்துகொண்டவர்களும் 11 பேர்தான்.

எடைப் பயிற்சிக்கே நேரடியான சான்று அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. டைப்-2 நீரிழிவும் உடல் பருமனும் உள்ள 13 பேர் இரவு உணவுக்கு முன்பும், பின்பும் பயிற்சி செய்தார்கள். இரண்டிலும் சர்க்கரை குறைந்தது. ஆனால் உணவுக்குப் பின் செய்தபோது ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பும் சேர்ந்து குறைந்தது. சுருங்கி விரியும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலேயே சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும். சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் நேரத்தில் தசைக்கு வேலை கொடுத்தால் பலன் கூடுதல்.

காலைக்கும் ஆதரவு இருக்கிறது. 2022இல் அமெரிக்காவின் ஸ்கிட்மோர் கல்லூரி ஆய்வில், எடைப் பயிற்சியும் கலந்த 12 வாரத் திட்டத்தைக் காலையில் செய்த பெண்களுக்கு வயிற்றுக் கொழுப்பு கூடுதலாகக் குறைந்தது. மாலையில் செய்த பெண்களுக்கு மேல்உடல் வலு கூடியது. மொத்தம் 47 பேர்தான் திட்டத்தை முடித்தார்கள். இவ்வளவு சின்ன ஆய்வுகளை வைத்து 'காலை 5 மணிதான் சரி' என்று அடித்துச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டியதில்லை.

நேரத்தைவிடப் பெரிய கேள்வி, வலுப்பயிற்சியே நடக்கிறதா என்பதுதான். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தமிழக அரசு தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைப் பற்றி நம் ஊரில் பேச்சே குறைவு.

காபித் தோட்டங்களில் மூட்டை சுமக்கும் தொழிலாளிக்கு இது தனியாகத் தேவைப்படாது. அவருக்குத் தேவை ஓய்வும் நல்ல சாப்பாடும். கல்லாப்பெட்டி, ஆபீஸ், விடுதி வரவேற்பறை என்று நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் கதை வேறு. இருட்டிய பிறகு காட்டு மாடு நடமாடும் எஸ்டேட் ரோட்டில் அவரை நடக்கச் சொல்ல முடியாது. வீட்டுக்குள் செய்யலாம்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, முழங்காலைத் தூக்குவது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம், மாலையில் அரை மணிக்கு ஒருமுறை 3 நிமிடம் இவற்றைச் செய்யவைத்துப் பார்த்தது. இரவில் பயிற்சி செய்தால் தூக்கம் கெடும் என்ற பயத்துக்கு மாறாக, அவர்கள் ஏறத்தாழ அரை மணி நேரம் கூடுதலாகவே தூங்கினார்கள்.

இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் இரவுப் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. தூக்கத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாமல் போகலாம். மலைக் கிராமங்களில் அந்த நேரத்தில் வண்டி பிடித்து ஆஸ்பத்திரி சேர்வதும் சுலபமில்லை.