கண்ணுக்கா, கைக்கா?

வில்லனின் தாடி மயிரைக்கூட எண்ணலாம் என்று வீடியோ கேம்காரர்கள் பீற்றிக்கொள்கிறார்கள். எண்ணி என்ன சார் பண்ணப் போகிறீர்கள்? 2006 நவம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 599 டாலர் வரை. அதே மாதம் நின்டெண்டோவின் 'வீ' 249 டாலர். படம் சுமார்தான். ஆனால் கையில் ரிமோட் போல ஒரு குச்சி, வீசினால் டென்னிஸ். பட்டன்களைக் கண்டாலே மிரள்கிற பாட்டிகள் முதியோர் இல்லங்களில் பௌலிங் போட்டியே நடத்தினார்கள். 'வீ' பத்து கோடிக்கு மேல் விற்றது. பிளேஸ்டேஷன் 3 ஒன்பது கோடியைத் தொடவில்லை.

விசித்திர கன்ட்ரோலரெல்லாம் ஜெயிக்காது, ஒப்புக்கொள்கிறேன். 1989-ல் வந்த 'பவர் க்ளவ்' கையுறை சொன்ன பேச்சு கேட்காது. இருக்கட்டுமே! பளபளப்புக்குக் கொட்டும் பணம் ஏற்கெனவே ஆடுகிறவனுக்குத்தான் போகிறது. 2018-ல் மைக்ரோசாஃப்ட், விரல்கள் ஒத்துழைக்காதவர்களுக்காக இரண்டு பெரிய பட்டன்களோடு ஒரு கன்ட்ரோலர் கொண்டுவந்தது. கால் பெடலையோ வேறு சுவிட்சையோ அதில் செருகிக்கொண்டு அவர்களும் ஆடலாம். தாடியை அப்புறம் எண்ணிக்கொள்ளுங்கள்.