மூலிகை வளரவேண்டியது தோட்டத்திலா, வழக்குக் களஞ்சியத்திலா?

கஞ்சா என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம்மவர் இரு அணிகளாகப் பிரிந்துவிடுகின்றனர். ஓரணியினர், அஃது இளைஞரைக் கெடுக்கும் நச்சுப்பூண்டு, அதன் பெயரையும் உச்சரித்தலாகாது என்பர். மற்றையோர், அது டொலரை அள்ளித்தரும் பணப்பயிர், இன்றே ஏக்கர் கணக்கில் நடுக என்பர். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் மட்டும் ஒத்துப்போகின்றனர். இருவருமே அதனை ஒரு செடியாகக் காண்பதில்லை. அஃது எம்மண்ணில் வேரூன்றியது, எந்நீரைப் பருகியது, எத்துணை நேரம் ஒளி பெற்றது, எவர் கையாற் பராமரிக்கப்பட்டது என்னும் வினாக்கள் இவர்களுக்கு வேண்டாதவை. ஆயின், நோயாளி உட்கொள்ளும் மருந்தின் தரத்தைத் தீர்மானிப்பன இவ்வினாக்களே.

நமது சட்டம் இவ்விடயத்தில் விசித்திரமானதொரு நிலையில் நிற்கின்றது. 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இச்செடியை வளர்ப்பதைக் குற்றமாக்கியது. 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டமோ சித்தத்தையும் யுனானியையும் உள்ளடக்கிய சுதேச மருத்துவத்துக்கு ஏற்பளித்தது. கஞ்சா சேர்ந்த மருந்துகளைச் செய்ய அம்மருத்துவர்க்கு வழியும் உண்டு. மருந்து ஆகும், மருந்தின் மூலம் ஆகாது. அங்ஙனமாயின் மூலப்பொருள் எங்கிருந்து வரும்? பொலிசார் கைப்பற்றி, நீதிமன்றங்களில் வழக்குச் சான்றாகக் கிடந்த கஞ்சாவே ஆயுர்வேத மருந்துகள் கூட்டுத்தாபனத்துக்கு வழங்கப்பட்டு வந்துள்ளது. 2015 முதல் 2019 வரை சுகாதார அமைச்சராயிருந்த ராஜித சேனாரத்னவே, அது வந்துசேரும்போது நான்கைந்தாண்டுப் பழமையடைந்து தன் வீரியத்தை இழந்துவிடுகின்றது எனக் குறைப்பட்டார். குற்றவாளி கடத்தியதை வைத்தியர் வடித்தெடுக்கின்றார், நோயாளி பருகுகின்றார். இதனை ஒரு மருத்துவக் கொள்கை என்று கூற எவருக்கேனும் நா எழுமா?

பழமை என்பது இங்கு வெறுஞ் சொல்லன்று. இச்செடியின் மயக்கும் தன்மைக்குக் காரணமான தெற்றாஐதரோகன்னபினோல் என்னும் பொருளை 1964 இல் இஸ்ரேலில் மெக்கூலமும் கவோனியும் பிரித்தெடுத்து அதன் அமைப்பை அறிந்தனர். வெப்பமும் ஒளியும் காற்றும் பட்டுக் கிடக்க, அது கன்னபினோல் என்னும் வேறொரு பொருளாக மாறிச் சிதைகின்றது. ஈரக்கசிவுள்ள களஞ்சியத்திற் பூஞ்சணமும் பற்றுகின்றது. ஆகவே, ஒரு பொதியிற் கிடைத்த வீரியம் மற்றதில் இராது. அளவறிந்து கொடுப்பதே மருந்து எனின், அளவே அறியவொண்ணாத இப்பொருளை என்னென்பது?

நல்ல மருந்து நல்ல வளர்ப்பில் தொடங்குகின்றது. வளர்ப்பின் உயிர்நிலை பதிய வளர்ச்சிப் பருவம். நாற்று நிலை கழிந்து, பூக்கத் தொடங்குமுன் செடி வேரும் தண்டும் இலையுமாகத் தழைக்கும் வாரங்கள் இவை. இப்பருவத்தில் நைதரசனே முதன்மையான உணவு. அது குறைந்தால் அடியிலைகள் வெளிறி மஞ்சளாகும். மிகுந்தால் இலைகள் கருமை கொண்டு நுனி கீழ்நோக்கி வளையும். மேல்மண் காய்ந்த பின்னரே நீரூற்றல் வேண்டும். நாள்தோறும் சேறாக்கினால் வேர் அழுகும். இலையின் அடிப்புறத்தைப் புரட்டிச் சிற்றுண்ணி பற்றியுள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். கணுக்களில் அரும்பின் முதற்குறி தோன்றியதும் ஆண்செடிகளை இனங்கண்டு அகற்றல் வேண்டும். கருக்கட்டாத பெண்பூவிலேயே பிசின் மிகுதியாகச் சேரும்.

நுனி கிள்ளும் கலையும் உண்டு. நடுத்தண்டின் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் எழுந்து செடி படர்ந்து தழைக்கும். யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டக்காரனுக்கு இது புதிதன்று. அவன் நுனியை முறித்துப் பக்கத் தளிர்களையும் களைந்து இலையைப் பருக்கச் செய்தவன். நோயைத் தருவதன்றி வேறெந்நோயையும் தீர்க்காத அப்புகையிலையாற் கல்வீடு கட்டிய சமூகம், மருந்தாகும் ஒரு மூலிகையைக் கண்டு முகஞ்சுளிப்பதன் நியாயம் யாதோ?

இவற்றினும் முக்கியமானது ஒளி. இது குறும்பகல் தாவரம்; இரவு நீண்டாற் பூக்கும். நாளொன்றுக்குப் பதினெட்டு மணிநேரம் ஒளி கொடுத்தால் பதிய வளர்ச்சியிலேயே நிற்கும். நமது தீவிலோ மிக நீண்ட பகலும் பன்னிரண்டே முக்கால் மணிநேரத்தைத் தாண்டுவதில்லை. வடபுலத்து நாடுகளின் விதையை இங்கு கொணர்ந்து வெறுமனே விதைப்பின், அது தழைக்குமுன்னரே அரும்பிவிடும். மின்விளக்கால் இரவைச் சுருக்கித் தாய்ச்செடியொன்றைப் பதிய பருவத்திலேயே பேணினால், அதிலிருந்து ஒத்த இயல்புடைய பதிகளை மீண்டும் மீண்டும் வெட்டி நடலாம். ஒரே தாய், ஒரே பிறப்பியல்பு, ஒரே பராமரிப்பு: ஏறத்தாழ ஒரே அளவான மருந்தை எதிர்பார்க்கக்கூடிய வழி இதுவே. களஞ்சியத்துப் பொதி எக்காலத்தும் இதனைத் தரமாட்டாது.

“எங்கள் மருத்துவத்திற் சுத்தி முறை உண்டு, எதனையும் சுத்தி செய்து கொள்வோம்” என்பார் சிலர். கோரக்கர் மூலி எனச் சித்தர் மரபு போற்றும் இம்மூலிகைக்குச் சுத்தி வகுத்த முன்னோர், அதன் இயற்கையான நஞ்சை மனத்திற் கொண்டே வகுத்தனர். எங்கோ ஒரு கள்ளத்தோட்டத்திலே தெளிக்கப்பட்ட பூச்சிகொல்லியை அவர்கள் கண்டதில்லை. மேலும், இச்செடி மண்ணிலுள்ள கட்மியம், ஈயம் முதலிய பார உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் தேக்கும் இயல்புடையது. இவ்வியல்புபற்றியே மாசடைந்த நிலத்தைத் தூய்மையாக்க இதனைப் பயன்படுத்தும் ஆய்வுகள் நடைபெற்றுள்ளன. நிலத்தைத் தூய்மையாக்கும் செடி தானே அந்த அழுக்கின் கொள்கலமாகின்றது. மண்ணையும் நீரையும் சோதியாது வளர்த்த இலை மருந்தாகாது. குடாநாட்டு நிலத்தடி நீரில் நைத்திரேற்று மிகுந்துள்ளமை பலகாலும் ஆராயப்பட்ட உண்மை. இங்கே பயிரிடுவோன் உரத்தை அளக்குமுன் கிணற்றை அளத்தல் வேண்டும்.

இளைஞர் கெட்டழிவர் என்னும் வாதத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. பாக்கு நீரிணை கடந்து வடகரைக்கு வந்திறங்கும் கேரளக் கஞ்சா எத்தனை குடும்பங்களைச் சிதைத்துள்ளது என்பதை இப்பிரதேசத்தில் அறியாதார் இல்லை. இளவயதில் இதற்கு அடிமையாதல் மூளைக்குக் கேடு என்பதும் மெய்யே. ஆயின், கடத்தலை வளர்ப்பது மருந்துத் தோட்டமன்று. வேலியும் காவலும் செடிக்கொரு பதிவும் உள்ள தோட்டத்துக்கும் நள்ளிரவிற் படகிலிறங்கும் பொதிக்கும் வேறுபாடு காணாதவர், கத்தியைக் கண்டு சத்திரசிகிச்சையை வெறுப்பவராவர். வீட்டுக்கு வீடு செடி வைக்க வேண்டுமென எவரும் இங்கு கேட்கவில்லை. சர்வதேச உடன்பாடும் குறுக்கே நிற்கவில்லை. 1961 ஆம் ஆண்டின் போதைப்பொருள் பற்றிய தனியுடன்படிக்கை, அரசின் கட்டுப்பாட்டில் மருத்துவத் தேவைக்காக இதனைப் பயிரிட இடமளிக்கின்றது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு இதனை மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து நீக்கியும் உள்ளது.

டொலர் அணியினரின் கதையோ இன்னும் வேடிக்கையானது. 2023 ஆம் ஆண்டின் வரவுசெலவுத்திட்டம் ஏற்றுமதிக்கான பயிர்ச்செய்கையை ஆராயும்படி கூறியது. 2025 இல் வெளிநாட்டு முதலீட்டாளர் எழுவருக்கு, ஏற்றுமதிக்காக மட்டும் வளர்க்க அனுமதியளிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. நமது மண்ணில், நமது நீரில், நன்கு பராமரிக்கப்பட்ட செடி அந்நிய நோயாளிக்கு. வழக்கு முடிந்த சருகு நமது நோயாளிக்கு! தேயிலையின் முதற்றரத்தை ஏற்றுமதி செய்து தூளைப் பருகிய பழைய கதையின் புதிய பதிப்பன்றோ இது?

கலைப்பீட மாணவனொருவனுக்குச் செடி வளர்ப்பில் என்ன வேலை என வினவுவோர் இருப்பர். எந்த அறிவை எவர் உடைமையாக்குவது, எவரிடமிருந்து மறைப்பது என்பது தாவரவியல் வினாவன்று, சமூக வினா. அச்சமும் பேராசையும் சேர்ந்து ஒரு மூலிகையின் வளர்ப்பறிவை அதன் மரபுக்குரிய மருத்துவரிடமிருந்து பறித்துவிட்டன. ஓலைச்சுவடியிற் பெயரைப் படிக்கும் சித்த மருத்துவ மாணவன், அச்செடியின் தளிரைக் கண்ணாற் காணாமலே பட்டம் பெறக்கூடும்.

இதனை மாற்ற இயலும். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. கிளிநொச்சியில் விவசாய பீடம் உண்டு. இவர்கள் கூடி, ஆயுர்வேதத் திணைக்களத்தின் உரிமத்துடனும் பொலிசாரின் மேற்பார்வையுடனும், சில பரப்பு நிலத்திற் சிறியதொரு மருந்துத் தோட்டத்தை அமைக்கட்டும். நடுமுன் மண்ணும் நீரும் சோதிக்கப்படட்டும். தளிர்ப் பருவம் முதல் அறுவடை வரை ஒவ்வொரு செடிக்கும் ஏடு எழுதப்படட்டும். விளைந்தது முதலில் உள்நாட்டு மருத்துவமனைக்குச் செல்லட்டும். மிஞ்சினால் ஏற்றுமதியைப் பற்றிப் பேசுவோம். அதுவரை, வழக்குக் களஞ்சியத்துச் சருகை மருந்தென்று நோயாளியின் கையிற் கொடுப்பதை நாம் மரபென்றும் சட்டமென்றும் கூறி மூடிமறைத்தல் ஆகாது.