பாம்புக்கும் ஒரு பானை

கடலூரில் என் சினேகிதி தண்ணீர்த் தொட்டியடியில் பாம்புச் சட்டையைக் கண்டு ஊரையே கூட்டிவிட்டாள்! சிதம்பரம் போனால் மட்டும் நடராஜர்மேல் நெளியும் பாம்பைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

சட்டையைச் சற்று உற்றுப் பாருங்கள், சகோதரிகளே. முழுசாகக் கழன்றிருந்தால் பாம்புக்கு ஈரம் போதிய அளவு கிடைத்தது என்று பொருள். காற்று வறண்டால் அது துண்டு துண்டாகக் கிழியும். கண்ணை மூடிய சவ்வும் ஒட்டிக்கொள்ளும். ஈரம் மிஞ்சினாலோ தோல் புண்ணாகும்.

1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், வடநெம்மேலியில் விஷம் எடுக்கும் பாம்புகளை மண்பானையிலிட்டுத் துணியால் வாய் கட்டுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிபோல் அது புழுங்காது. காற்று உள்ளே புகும்.

அவர்களுக்கு அரசாங்க அனுமதி உண்டு. நமக்கோ, 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி நல்ல பாம்பை வீட்டில் வளர்ப்பதே குற்றம்! குளிர்ச்சி தேடி வந்த விருந்தாளியைக் கண்டால் கழியைத் தேடாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லி அனுப்புங்கள்.